சவுனா நாளில் திறந்த கூரை

"இன்னிக்குச் சனிக்கிழமை," என்றான் ரெய்னோ, காப்பிக் கோப்பையை ஜன்னலோரம் வைத்தபடி.

"தெரியும்," என்றாள் ஹெல்லெவி.

"சனிக்கிழமைன்னா சவுனா."

"அதுவும் தெரியும். வானத்துல சுத்துற அந்தப் பாறைக்குத்தான் தெரியலை. வெள்ளிக்கிழமை வந்திருக்கலாம், ஞாயித்துக்கிழமை வந்திருக்கலாம். இன்னிக்குச் சாயங்காலம்தான் வருவேன்னு அடம் பிடிக்குது."

"அதுகிட்ட நீ பேசிப் பாத்தியா?"

"உன்கிட்டப் பேசறதைவிட அது சுலபமாத்தான் இருக்கும்."

வெளியே விடிந்ததிலிருந்து பொடிப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் கோடியில் அடுப்பில் கல்லைச் சூடாக்கி நீராவியில் குளிப்பதற்கு ரெய்னோவின் அப்பா கட்டிய மரச் சவுனா, அதை ஒட்டினாற்போல் ஹெல்லெவியின் கொட்டகை, இரண்டும் ஒரே வெள்ளைக் குல்லாவைப் பங்கு போட்டுக்கொண்டதுபோல நின்றன. கொட்டகை என்றால் ஆடு மாடு கட்டுகிற கொட்டகை இல்லை. உள்ளே ஒரு தொலைநோக்கி. மேலே தகரக் கூரை. கூரையின் அடியில் சக்கரங்கள், சுவரின் தலையில் தண்டவாளம். கைகொடுத்துத் தள்ளினால் கூரை முழுசாக வடக்கே உருண்டு, வெளியே நட்டிருக்கும் தூண்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் உள்ளே நிற்பவளுக்கு நான்கு சுவரும் ஒரு வானமும்தான்.

கட்டிக்கொடுத்தது ரெய்னோதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, ஒரு ஜூலை மாதம் முழுக்கச் சட்டையில்லாமல் நின்று அறுத்து, இழைத்து, ஆணியடித்துக் கட்டினான். கெட்டியான வேலை. ஒரே ஒரு கோளாறு. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று, கூரை போய் நிற்கிற தூண்களைச் சவுனாவின் இறவாரத்துக்கு அடியிலேயே நட்டுவிட்டான். ஜூலையில், கொசுக்கடிக்கு நடுவே, பனி என்கிற ஒன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? முதல் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. சவுனாவைச் சூடேற்றினால் அதன் கூரையிலிருக்கும் பனி உருகும். உருகினது சொட்டும். சொட்டினது தண்டவாளத்தில் விழுந்த கையோடு உறைந்து, கூரையின் சக்கரத்துக்கு முன்னால் கல்லாக நிற்கும்.

"இறவாரத்துல ஒரு தகரக் காவாய் அடிச்சா தீர்ந்துது," என்று ஹெல்லெவி அப்போதே சொன்னாள்.

"எங்கப்பா கட்டின சவுனா. அதுல போய்த் தகரத்தை அடிக்கிறதாவது," என்றான் ரெய்னோ.

அதோடு சரி. சமாதான உடன்படிக்கை ஒன்று தானாக உருவாயிற்று. சனிக்கிழமை சவுனாவுக்கு. மற்ற நாள் கொட்டகைக்கு. மற்ற நாளெல்லாம் மேகம் என்பது உடன்படிக்கையில் எழுதாத ஷரத்து.

போன இலையுதிர்காலத்துச் சூறாவளியில் ஏழெட்டு ஊசியிலை மரம் சாய்ந்ததுதான் வம்பாகிப் போனது. அத்தனையும் வெட்டிப் பிளந்து முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. ஈர விறகு அடுப்பில் சீறும்போதெல்லாம் ரெய்னோவின் கண் கொட்டகைப் பக்கம் போகும்.

"நல்ல கூரை. நல்ல சுவர். வருஷத்துல நாலு நாள் திறக்குது," என்பான்.

"அஞ்சு நாள்," என்பாள் ஹெல்லெவி.

"அஞ்சு நாள் திறந்து இதுவரைக்கும் என்ன கண்டுபிடிச்சே?"

அது குத்தியது. பின்லாந்தின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்குவரை ஹெல்லெவி மாதிரி சில பேர் இருந்தார்கள். எங்கோ சுற்றுகிற ஒரு பாறை ஒரு நட்சத்திரத்தை நாலு வினாடி மறைக்கும். அது மறைகிற நொடியையும் திரும்பி வருகிற நொடியையும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து பிடித்துச் சொன்னால், எல்லாவற்றையும் ஒட்டவைத்து, யாருமே கண்ணால் பார்க்காத அந்தப் பாறையின் உருவத்தை வரைந்துவிடலாம். வாசா ஊரிலிருக்கும் மார்கெத்தாதான் ஒட்டவைப்பவள். அவள் அனுப்புகிற படங்களில் எப்போதும் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை ஹெல்லெவி. ஒரு தடவை மேகம். ஒரு தடவை ஜுரம். இரண்டு தடவை சக்கரத்துக்கு முன்னால் பனிக்கல்.

அதனால்தான் முதல் பனி விழுந்த அன்று, சமையலறை மேசைக்கு மேலே இருவரும் கை கோத்துப் பந்தயம் கட்டினார்கள். ஜனவரி முடிவதற்குள் ஹெல்லெவி ஒரே ஒரு மறைவைப் பிடித்துவிட வேண்டும். பிடித்தால் ரெய்னோ அப்பாவின் சவுனாவில் தகரக் காவாய் அடிப்பான். பிடிக்காவிட்டால் தொலைநோக்கி விலைக்குப் போகும், கொட்டகைக்குள் விறகு ஏறும். கோத்த கைகளை மூன்றாவது ஆள் தன் கையால் வெட்டிப் பிரித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பக்கத்துப் பண்ணை என்சியோ வெட்டிவிட்டான். வெட்டிவிட்டு, ஏலக்காய் ரொட்டியில் இரண்டு எடுத்துக்கொண்டான்.

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை இது. அடுத்த பாறை செப்டம்பரில்.

"சவுனாவை எட்டு மணிக்கு வச்சுக்கலாமே," என்றாள் ஹெல்லெவி. "ஏழு மணிக்குள்ள என் வேலை முடிஞ்சுடும்."

"வச்சுக்கலாம்னும் சொல்லலாம்," என்றான் ரெய்னோ.

அவர்கள் இருந்த சவோ வட்டாரத்து ஆள்களுக்கு நேராகப் பதில் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இந்த இடத்தில் 'சொல்லலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

"ஏன் முடியாது?"

"என்சியோ வரான். மாசம் முழுக்க நம்ம பாதையை டிராக்டர் வச்சுத் தள்ளிக் குடுத்திருக்கான். காசு வாங்க மாட்டான். அஞ்சரைக்குச் சவுனான்னு சொல்லியாச்சு. எட்டு மணிக்கு அவனுக்கு மாடு."

பனி தள்ளிக் கொடுத்தவனுக்குச் சவுனா இல்லை என்று சொன்ன வீடு அந்த ஏரிக்கரையிலேயே கிடையாது. முதல் வீடாக இருக்க ஹெல்லெவிக்கும் மனசு வரவில்லை.

"அப்ப பனி நின்ன உடனே கூரையைத் திறந்துடுவேன்," என்றாள். "உன் அடுப்பு சூடாகறதுக்குள்ள."

"திற. யார் வேணாங்கறா."

பனி கேட்கவில்லை. மூன்று மணிக்கு மங்கியது, கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குச் சவுனாப் புகைபோக்கியிலிருந்து புகை கிளம்பியது, கொட்டிக்கொண்டிருந்தது. அஞ்சரைக்கு என்சியோ டிராக்டரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினபோதுதான் கடைசிப் பனித்துகள்கள் விழுந்தன. ஏரிக்கு மேலே மேகம் திரை விலகுவதுபோல விலகியது. குளிர் உடனே இறுக்கிப் பிடித்தது. வாசல் வெப்பமானி சைபருக்குக் கீழே இருபத்திரண்டு காட்டியது.

"என்ன எசமானியம்மா, இன்னிக்கு உனக்குப் பரீட்சையாமே," என்றான் என்சியோ, வீட்டுக்காரியை அந்தப் பக்கத்தில் கூப்பிடுகிற முறையில்.

"பரீட்சை எனக்கில்லை. கூரைக்கு."

"முப்பது வருஷம் பல் டாக்டர் பக்கத்துல நின்னு ஊர் வாயையெல்லாம் திறக்க வச்சவ நீ. ஒரு கூரை திறக்காமயா போயிடும்."

"நீ வாய் திறக்கறதுக்கு ஊசி போட வேண்டியிருந்துது. அதை நான் மறக்கலை."

என்சியோ சிரித்துக்கொண்டே சவுனாவுக்குள் போனான்.

ஹெல்லெவி நீளக் கழியில் பலகை கட்டிய வாரியால் கூரையின் பனியை இழுத்துத் தள்ளினாள். இல்லாவிட்டால் கூரை உருளும்போது மொத்தமும் தொலைநோக்கியின் தலையில் விழும். பிறகு உள்ளே போய்த் தாழ்களை விடுவித்தாள். இரண்டு கையையும் குறுக்குச் சட்டத்தில் ஊன்றித் தள்ளினாள். கூரை முனகியது. ஒரு முழம் நகர்ந்தது. நின்றுவிட்டது.

தெற்கே ஒரு முழ வானம் தெரிந்தது. ஆனால் அவளுடைய நட்சத்திரம் கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்று மேலே, உச்சியை எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருந்தது. அங்கே தகரம்தான் தெரிந்தது.

ஏணி போட்டு வெளியே ஏறிப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்து, தண்டவாளத்தின் மேல் வரிசையாகப் பனிக்கல் முளைத்திருந்தது, குழந்தையின் பால்பல் மாதிரி. சுத்தியலால் தட்டினாள். ஒரு பல் விழுந்தது. பல் டாக்டரிடமிருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த கொக்கி ஊசியால் சக்கரத்தின் பள்ளத்தைச் சுரண்டினாள். அவள் சுரண்டச் சுரண்ட, மேலே இறவாரம் நிதானமாக அடுத்த சொட்டை விட்டது.

சவுனாச் சுவருக்கு அப்பால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"தட்டற சத்தம் கேக்குதே," என்றது என்சியோவின் குரல்.

"மரங்கொத்தியா இருக்கும்."

"ஜனவரில, இருட்டுல?"

"பெரிய மரங்கொத்தி."

"எசமானே, உன் விறகுக் கொட்டகை தானா வந்து சேரும்போல. நான் கை வெட்டினவன். தார்ப்பாயை எப்ப எடுக்கலாம்னு மட்டும் சொல்லு."

கல்லில் தண்ணீர் ஊற்றும் 'உஸ்' சத்தம்தான் வந்தது.

ஹெல்லெவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம்கூட இல்லை. ஏணியிலிருந்து இறங்கிச் சவுனாக் கதவைத் தட்டினாள்.

"யாரது, மரங்கொத்தியா?" என்றான் ரெய்னோ உள்ளேயிருந்து.

"உள்ளே வெந்நீர் ஏதாவது மீதி இருக்கா?"

"இருக்குன்னும் சொல்லலாம்."

"நிறைய இருக்குமா, கொஞ்சம் இருக்குமா?"

"ரெண்டு பேர் குளிக்கறதுக்கு நிறைய. ஏரிக்கு ஊத்தறதுக்குக் கொஞ்சம்."

"குளிச்சு முடிக்க நேரமாகுமோ?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். என்சியோவுக்கு முதுகு இன்னும் சூடாகலை."

"என் முதுகு சூடாயிடுச்சு," என்றான் என்சியோ. "ஆனா எனக்கென்ன அவசரம். மாடு எட்டு மணிக்குத்தான்."

இப்படியே போனால் விடியும்வரை போகும் என்று அவளுக்குத் தெரியும். மேலே பார்த்தாள். கார்த்திகைக் கூட்டம் கண்ணாடிப் பொடியைத் தூவினதுபோல மின்னியது. நாலு குளிர்காலத்தில் இப்படி ஒரு வானம் வந்ததில்லை. அவள் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"ரெய்னோ," என்றாள். "எனக்கு உன் உதவி வேணும். இப்பவே வேணும்."

உள்ளே கல்லில் தண்ணீர் விழுவது நின்றது. அந்த வீட்டில் முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி நேராக யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணம் பேசினதுகூட, படகுக்குத் தார் பூசுவதைப் பற்றிப் பேசுகிற சாக்கில்தான்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான் ரெய்னோ கடைசியில்.

"இல்லை. கூரை திறக்கலை. நான் தோத்துடுவேன். தோக்க எனக்கு இஷ்டமில்லை."

கதவு திறந்தது. நீராவி முதலில் வந்தது, பின்னாலேயே ரெய்னோ. இடுப்பில் துண்டு, தலையில் கம்பளிக் குல்லா, காலில் பனிப்பூட்ஸ், கையில் வாளி. உடம்பு முழுக்கச் செக்கச் செவேலென்று ஆவி பறந்தது. பின்னால் அதே கோலத்தில் என்சியோ, இன்னொரு வாளியோடு.

"எசமானே, நீ உன் விறகு மேலேயே வெந்நீர் ஊத்தப் போறே. நல்லா யோசிச்சுக்கோ," என்றான் என்சியோ.

"நீ பேசாம வா."

ரெய்னோ ஏணியில் இரண்டு படி ஏறித் தண்டவாளத்தைப் பார்த்தான். கைவிரலால் ஒரு பனிக்கல்லைத் தடவினான். கட்டினவன் அவன்தான், கோளாறும் அவனுடையதுதான்.

"ஹெல்லெவி, ஊத்தினா திறக்கும்."

"தெரியும்."

"ஆனா ஊத்தின தண்ணி பூராவும் சக்கரத்தைச் சுத்தி உறைஞ்சுடும். திறந்தது திறந்ததுதான். மார்ச் வரைக்கும் மூடாது."

"தெரியும்."

"நாளைக்குப் பனி கொட்டும்னு ரேடியோவுல சொன்னான்."

"நானும் கேட்டேன். ஊத்து."

ஊற்றினான். தண்டவாளம் சீறியது, வெள்ளையாக ஒரு மேகம் எழும்பி எல்லோரையும் மறைத்தது. உள்ளே மூன்று பேரும் குறுக்குச் சட்டத்தில் தோள் கொடுத்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு..." என்றான் என்சியோ.

"எண்ணாதே. தள்ளு," என்றாள் ஹெல்லெவி.

கூரை ஒருமுறை உதறிக்கொண்டு, பிறகு ஒரேயடியாக உருண்டு ஓடி, கடைசித் தூணில் மோதி நின்றது. மோதின அதிர்ச்சியில் சவுனா இறவாரத்துப் பனியெல்லாம் பொத்தென்று அதன் மேல் விழுந்தது. உள்ளே வானம் மொத்தமாக இறங்கி வந்தாற்போல இருந்தது.

"ரெண்டு பேரும் வெளியே போங்க," என்றாள் அவள்.

"இதுதான் நன்றியா?"

"உங்க உடம்புலேர்ந்து ஆவி பறக்குது. கண்ணாடி மூஞ்சியெல்லாம் பனி பூத்துடும். கதவுப் பக்கமாப் போய் நில்லுங்க. பேசாதீங்க, பதிவாகும்."

ஒலிப்பதிவுக்கு வைத்திருந்த கைப்பேசியைக் கம்பளிக் கையுறைக்குள்ளிருந்து எடுத்தாள். வெளியே வைத்தால் அந்தக் குளிரில் உயிரை விட்டுவிடும். நேரம் சொல்லும் கருவி டிக், டிக் என்று தட்ட ஆரம்பித்தது. அந்தத் தட்டலும் அவள் குரலும் சேர்ந்து பதிவானால் மறைந்த நொடியைக் கணக்கிட்டுவிடலாம். அவள் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தாள். சின்னது. மங்கலானது. ஊசி குத்தின புள்ளி. மூச்சை வாயின் ஓரமாக விட்டாள்.

கதவருகே ரகசியக் குரலில், "என் பூட்ஸ்ல தண்ணி போயிடுச்சு. தரையோட ஒட்டிக்கிச்சு," என்றான் என்சியோ.

"சும்மா இரு," என்றான் ரெய்னோ, அதே ரகசியக் குரலில். "அவ பாத்துக்கிட்டிருக்கா."

டிக், டிக்.

புள்ளி இருந்தது. இருந்தது. இல்லை.

"போச்சு," என்றாள் ஹெல்லெவி.

இருட்டு. டிக், டிக், டிக். அந்த நாலு வினாடிக்கு அவள் இதயம் எத்தனை முறை அடித்ததோ, அதற்குக் கருவி கிடையாது. பெயர் மட்டுமே உள்ள ஒரு கல், அவள் கண்ணுக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவே வந்து நின்றது.

"வந்துடுச்சு."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நிமிர்ந்தாள். கதவருகே இரண்டு ஆண்கள் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். துண்டு அட்டைபோல விறைத்திருந்தது. ரெய்னோவின் புருவம் முழுக்க வெள்ளை.

"பிடிச்சியா?" என்றான்.

அவளும் சவோக்காரிதான். பிடித்தேன் என்றும் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"பிடிச்சேன்," என்றாள்.

மறுநாள் ரேடியோ சொன்னபடியே கொட்டியது. அதற்குள் தொலைநோக்கி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து போர்வை போர்த்திக்கொண்டு, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற விருந்தாளிபோல உட்கார்ந்துவிட்டது. கூரை நகரவில்லை. கொட்டகைக்குள் இடுப்பளவு பனி சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை மார்கெத்தா வாசாவிலிருந்து கூப்பிட்டாள்.

"எட்டு பேரில ஆறு பேர் பிடிச்சிருக்கோம். நடுவுல இந்தத் தடவை ஓட்டை இல்லை. பாறை எப்படி இருக்கு தெரியுமா? கரேலியப் பணியாரம் மாதிரி, நீளமா, ஓரமெல்லாம் மடிச்சு விட்டாப்பல."

"நடுவுல அகலமா?"

"நடுவுல நல்ல அகலம். உன்னாலதான் தெரிஞ்சுது. ஒரு விஷயம் கேக்கணும். உன் பதிவுல யாரோ, தரையோட ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்களே, ஒட்டிக்கிட்டது எந்தக் கருவி?"

"அது என்சியோ," என்றாள் ஹெல்லெவி.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருநாள் வெயில் அடித்தது. ரெய்னோ ஏணி போட்டு ஏறி, அப்பாவின் சவுனாவுக்குத் தகரக் காவாய் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஆணிக்கும் முன்னால் மரத்தை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு அடித்தான். கீழே ஹெல்லெவி கொட்டகைக்குள் நின்று பனியை வாரிச் சுவருக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தாள். என்சியோ டிராக்டரை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையூன்றி இரண்டையும் ரசித்தான்.

"ஏன் எசமானியம்மா, இதுதான் இப்ப காலியா இருக்கே. மார்ச் வரைக்கும் விறகை அடுக்கினா என்ன?"

"கூரையே இல்லையே. நனையாதா?"

"அதுவும் சரி." அவன் மேலே பார்த்தான். "எசமானே, கேட்டுதா? நீயே வெந்நீர் ஊத்தி உன் விறகை நனைய வச்சுட்டே."

"என் விறகு தார்ப்பாய்க்குள்ள பத்திரமா இருக்கு," என்றான் ரெய்னோ. வாயில் ஆணி இருந்ததால் அதுவும் கோணலாகத்தான் வந்தது. பேசின வேகத்தில் நாலு ஆணியும் நழுவிப் பனியில் விழுந்தன. அவன் குனிந்து கீழே பார்த்தான். ஏணியில் ஒரு கை, தகரத்தில் ஒரு கை.

"இங்கே சில ஆணிங்க கீழே விழுந்திருக்கலாம்னு தோணுது," என்றான் பொதுவாக, ஏரியைப் பார்த்து.

ஹெல்லெவி பனி வாருவதை நிறுத்தவில்லை.

"யாராவது அந்தப் பக்கம் போனா, கண்ணுல பட்டாலும் படலாம்."

ஹெல்லெவி இன்னொரு வாரு வாரினாள்.

தகரம் காற்றில் லேசாக அதிர்ந்தது. ரெய்னோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஹெல்லெவி, அந்த ஆணியை எடுத்துக் குடு."

அவள் வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தாள், வெளியே வந்தாள், பனியில் கையை விட்டு நாலையும் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, ஏணியின் மேலே நீட்டினாள்.

"இந்தா," என்றாள்.